நிரலைப் பெயர்க்கலாம், பொறுப்பைப் பெயர்க்க முடியுமா?

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஏறத்தாழ 7 கோடிப் பேருக்கு மாதந்தோறும் ஓய்வூதியமும் உதவித்தொகையும் வழங்கிவருகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்கிடும் மென்பொருளின் பெரும்பகுதி, கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி அது 6 கோடி வரிகளுக்கும் அதிகம். இதை நவீனப்படுத்த ஐந்தாண்டுகள் ஆகும் என்று 2017-இல் அந்த நிர்வாகம் திட்டமிட்டது. கரோனா பரவல் வந்ததும் திட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2025 மார்ச் இறுதியில், எலான் மஸ்க்கின் வழிகாட்டலில் இயங்கிய 'அரசுச் செயல்திறன் துறை' அதே வேலையைச் சில மாதங்களில் முடித்துவிட எண்ணுகிறது என்று 'வயர்ட்' இதழ் செய்தி வெளியிட்டது.

ஐந்தாண்டு வேலை சில மாத வேலையாகச் சுருங்க முடியும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் இருப்பது செயற்கை நுண்ணறிவு மீதான நம்பிக்கை. ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்டதை வேறொரு நிரல்மொழிக்கு மாற்றும் கருவிகள் இன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. கோபோலிலிருந்து ஜாவாவுக்கு மாற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அதன் பிறகு இத்தகைய கருவிகள் பெருகிவிட்டன. ஒரு பக்க நிரலைக் கொடுத்தால் அதன் பெயர்ப்பு நொடிகளில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பார்ப்பதற்கு நன்றாகவும் இருக்கிறது.

நிரல்களை ஒரு மொழியிலிருந்து வேறொரு மொழிக்கு மாற்றும் பணியில் என் இளமையின் சில ஆண்டுகளைச் சென்னையில் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும். பெயர்த்து எழுதுவது அந்தப் பணியின் சிறு பகுதி மட்டுமே. பெயர்த்தது சரிதானா என்று உறுதிசெய்வதும், அந்த உறுதிக்கு ஒருவர் பொறுப்பேற்பதும்தான் எஞ்சிய பெரும்பகுதி. இன்று முதல் பகுதி மலிவாகிவிட்டது. இரண்டாவது பகுதியும் மலிவாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் அபாயத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஒரே குறி, இரு பொருள்

நிரல்மொழிகள் மனித மொழிகளைப் போலக் குழப்பமானவை அல்ல. அவற்றின் இலக்கணம் கறாரானது. ஆகவே பெயர்ப்பும் எளிது என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மை. ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் தனக்குள் கறாரானதுதான். ஆனால், இரண்டு மொழிகளின் கறார்த்தனம் ஒன்றாக இருப்பதில்லை.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஏழை இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டு முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் விடை 3. இதில் எந்த மொழிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எண் மைனஸ் 7 ஆக இருந்தால்? ஜாவா மைனஸ் 3 என்று சொல்லும். பைத்தானின் முழு எண் வகுத்தல் மைனஸ் 4 என்று சொல்லும். ஜாவா சுழியத்தை நோக்கி வெட்டுகிறது. பைத்தான் கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டுமே தத்தம் இலக்கணப்படி சரி. ஆனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரிக்கு வரி பெயர்த்தவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், பற்று வரும் கணக்குகளில் மட்டும் விடை பிசகும். வரவுக் கணக்குகளை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு அது கண்ணில் படவே படாது.

ஒரே மொழியின் இரு பதிப்புகளுக்கு இடையிலேயே இது நேர்ந்திருக்கிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பில் ஏழை இரண்டால் வகுத்தால் 3. மூன்றாம் பதிப்பில் 3.5. இரண்டரையை முழுமையாக்கச் சொன்னால் முன்னதில் 3, பின்னதில் 2. ஏனெனில், சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது புதிய பதிப்பின் முறை. பழைய நிரலைப் புதியதாக மாற்றித்தர ஒரு கருவியையும் பைத்தானை உருவாக்கியவர்களே தந்தார்கள். அப்படியிருந்தும் உலகம் மாறி முடிக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் நிறுத்தப்பட்டது.

பணக்கணக்கில் இது இன்னும் நுட்பமானது. கோபோல் 1959-இல் வடிவமைக்கப்படத் தொடங்கியபோதே, வணிகக் கணக்குக்கான மொழியாகத் திட்டமிடப்பட்டது. நாம் தாளில் எழுதுவதைப் போலவே பத்தடிமான முறையில், தசமப்புள்ளிக்குப் பின் இத்தனை இடம் என்று வரையறுத்துக் கணக்கிடுவது அதன் இயல்பு. முழுமையாக்கு என்று வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, மிஞ்சும் இலக்கங்களை அது வெட்டி எறிந்துவிடும். பிற்கால மொழிகள் பலவற்றில், பின்ன எண்களுக்கான வழக்கமான வகை இரும எண் முறையில் அமைந்தது. அதில் 0.1 என்ற எண்ணையே துல்லியமாக எழுத முடியாது, 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். ஜாவாவில் இதைத் தவிர்க்கத் தனி வழி இருக்கிறது. ஆனால், அந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பெயர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியம், வெறுமனே பெயர்த்தால் போதும் என்று சொல்லவில்லை. நெறிப்பட யாக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. சொல்லைப் பெயர்த்து நெறியை விட்டுவிட்டால் என்னவாகும் என்பதற்கு மென்பொருள் துறையில் ஒரு கேலிப்பெயரே உண்டு. கோபோல் நிரலை அப்படியே வரிக்கு வரி மாற்றி எழுதப்பட்ட ஜாவா நிரலை 'ஜோபோல்' என்பார்கள். கோபோல் அறிந்தவருக்கு அது புரியாது. ஜாவா அறிந்தவருக்கும் புரியாது. பழையதன் தெளிவை இழந்து, புதியதன் வசதியையும் பெறாத ஒன்று.

ஒரு சென்ட்டின் கதை

இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஓய்வுத்தொகைக் கணக்கீட்டு நிரலை கோபோலிலிருந்து ஜாவாவுக்கு மாற்றும் குழுவில் இருந்தேன். ஒவ்வோர் இரவும் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே தரவுகளை வைத்து ஓடவிடுவோம். காலையில் இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவோம். தொடக்கத்தில் ஏராளமான கணக்குகளில் ஒரு சென்ட் வேறுபாடு வந்தது. "ஒரு சென்ட்தானே சார், இதுக்குப் போயா?" என்று குழுவில் இளையவர் ஒருவர் கேட்டார். காரணம் நான் மேலே சொன்னதுதான்: பழையது வெட்டியது, புதியது முழுமையாக்கியது. திருத்தினோம். வேறுபாடுகள் மறைந்தன.

சில டஜன் கணக்குகள் மட்டும் மறையாமல் நின்றன. தேடிப்பார்த்தபோது, பழைய நிரலில் மூன்று வரிகள் அகப்பட்டன. குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்ட, குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சேர்ந்த பாலிசிகளுக்கு மட்டும் தொகையை மேல்நோக்கி முழுமையாக்கச் சொன்ன வரிகள் அவை. ஏன் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அந்த நிறுவனத்தில் எங்களோடு தொடர்பில் இருந்த இளைஞர்களுக்கும் தெரியவில்லை. எவரோ எப்போதோ செய்த பிழை என்று முடிவு செய்தேன். 'பயனற்ற வரிகள், நீக்கலாம்' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆண்டிறுதி ஒத்திகையின்போதுதான் உண்மை தெரிந்தது. முடிவுகளைச் சரிபார்க்க அந்நிறுவனம் ஓய்வுபெற்ற பழைய ஊழியர் ஒருவரை அழைத்திருந்தது. அந்த அம்மையார் பட்டியலைப் பார்த்ததும் அந்தக் கணக்குகளைச் சுட்டிக்காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கின் சமரசத்தில், அந்தப் பாலிசிதாரர்களுக்கு எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குவோம் என்று நிறுவனம் எழுதிக்கொடுத்திருந்ததாம். அந்த வாக்குறுதியின் நினைவு நிறுவனத்தின் அன்றாட வேலையில் எஞ்சியிருந்த ஒரே இடம், நான் நீக்கச் சொன்ன அந்த மூன்று வரிகள். அவற்றைத் திரும்பச் சேர்த்தோம். தொகை அற்பம். ஆனால், ஒரு சட்டபூர்வ வாக்குறுதியை என் ஒரு கையெழுத்து ரத்து செய்ய இருந்தது.

பழைய நிரல் என்பது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு மட்டுமன்று. ஒரு நிறுவனம் அல்லது அரசு காலப்போக்கில் எடுத்த முடிவுகளின் படிவு. சட்டத் திருத்தங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், தொழிற்சங்க ஒப்பந்தங்கள், ஏதோ ஓர் அதிகாரி தந்த விலக்குகள் எல்லாம் அதில் படிந்திருக்கும். அவற்றுள் பல வேறு எங்கும் எழுதப்படாதவை. எது பிழை, எது வாக்குறுதி என்று நிரலின் எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அன்று என்னால் முடியவில்லை. இன்றைய எந்திரத்தாலும் முடியாது. அதற்கான விடை நிரலுக்கு வெளியே இருக்கிறது.

சரியான நிரல், தவறான இடம்

எழுத்து மாறாமல் இருந்தாலும் சூழல் மாறினால் பொருள் மாறும் என்பதற்கு மென்பொருள் வரலாற்றில் பெரிய சான்று 'ஏரியன்-5' ஏவுகலம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட அது, 40 விநாடிகளுக்குள் வானிலேயே சிதறியது. முந்தைய 'ஏரியன்-4'-இல் பழுதின்றி இயங்கிய நிரல் பகுதி ஒன்று அதில் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. பழைய கலத்தின் வேகத்துக்கு ஏற்ப ஒரு எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. புதிய கலம் அதைவிட வேகமாகக் கிடைமட்டத்தில் நகர்ந்ததால் எண் அந்த இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. கலம் புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கீடே 'ஏரியன்-5'-க்குத் தேவையற்றது என்பது கூடுதல் துயரம். நிரல் பிழையற்றது; அது சென்று சேர்ந்த இடம்தான் புதிது.

மக்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்ட நிகழ்வு 2018 ஏப்ரலில் பிரிட்டனில் நடந்தது. டி.எஸ்.பி. வங்கி தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் தரவுகளைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு ஒரு வார இறுதியில் மாற்றியது. தரவுகள் வந்து சேர்ந்தன; அவற்றைத் தாங்க வேண்டிய புதிய அமைப்பு தடுமாறியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தனர். இயல்புநிலை திரும்பப் பல மாதங்கள் ஆயின. அந்த ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2022 டிசம்பரில் பிரிட்டனின் ஒழுங்காற்று அமைப்புகள் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இது மொழிமாற்றம் அல்ல, அமைப்பு மாற்றம். ஆனால், பாடம் ஒன்றே: போதிய சோதனையின்றி ஒரே மூச்சில் மாறுவதன் விலையைக் கொடுப்பவர் கடைசியில் வாடிக்கையாளர்தான்.

மாறாமல் இருப்பதும் ஆபத்தே

அப்படியானால் பழையதையே கட்டிக்கொண்டு இருப்பதுதான் வழியா? இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், உடனடியாகப் புதுப்பிக்க வேண்டிய பத்து அரசுக் கணினி அமைப்புகளை 2019-இல் பட்டியலிட்டது. அவற்றின் வயது 8 முதல் 51 ஆண்டுகள். பராமரிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள். உதிரி பாகங்கள் கிடைப்பதில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவதில்லை.

கரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவிக்கு விண்ணப்பித்துக் குவிந்தபோது, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் முன்வர வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்பி பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அந்நிகழ்வை ஆராய்ந்த கணினி வரலாற்றாய்வாளர் மார் ஹிக்ஸ், பின்னால் இருந்த கோபோல் அல்ல, முன்னால் இருந்த இணையதளப் பகுதியே திணறியது என்று எழுதினார். பழையது என்பதாலேயே பழியை அதன் மீது போடுவதும் பிழை. அதைப் பராமரிக்க ஆளில்லாமல் விட்டதும் பிழை.

மாற்றத்துக்கு வலுவான காரணம் இருக்கும் இடங்களும் உள்ளன. தங்கள் மென்பொருள்களில் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு, நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் பிழைகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் தெரிவித்தது. கூகுளின் குரோம் குழுவும் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ அதே அளவைச் சொன்னது. சி, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகள் இந்தப் பிழைகளைத் தடுப்பதில்லை. ரஸ்ட் என்ற புதிய மொழி பெருமளவு தடுக்கிறது. ஆகவேதான் சி நிரல்களை ரஸ்ட்டுக்குத் தானியங்கி முறையில் பெயர்ப்பதற்கான ஆய்வுத் திட்டம் ஒன்றை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான 'தார்பா' 2024-இல் அறிவித்தது. இங்கும் அதே சிக்கல்தான். சி-யை எந்திரத்தனமாக ரஸ்ட்டாக மாற்றும் கருவி முன்பே உண்டு. அது தரும் ரஸ்ட் நிரல் சரியாக ஓடும். ஆனால், ரஸ்ட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு விலக்கு கேட்டுக்கொண்டே ஓடும். உடை மாறியது, உடல் மாறவில்லை.

நன்றாக நடந்தவை எப்படி நடந்தன?

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்டது. டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியின் தொகுப்பியை, அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் தலைமையிலான குழு 'கோ' என்ற மொழிக்குப் பெயர்த்துவந்தது. ஒரு பெரிய நிரல்தொகுப்பைச் சரிபார்க்க முன்பு 77.8 விநாடிகள் ஆயின, புதியதில் 7.5 விநாடிகள். இதைவிடக் கவனிக்கத்தக்கது அவர்கள் ஏன் ரஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது. பழைய நிரலின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகப் பெயர்க்க 'கோ' இடம்கொடுத்தது. ரஸ்ட் என்றால் அடியோடு மறுவடிவமைக்க நேரிடும். நாங்கள் செய்வது மீள எழுதுவது அல்ல, பெயர்ப்பது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். பழையதை வடிவமைத்தவரே உடன் இருந்தார். புதியதைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கான சோதனைகள் முன்பே இருந்தன.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி தன் மைய வங்கி மென்பொருளை முழுமையாக மாற்றியது. அதற்கு ஐந்தாண்டுகளும் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் ஆயின. பெரும் செலவுதான், எனினும் வெற்றிகரமாக முடிந்த மாற்றங்களுக்கு எடுத்துக்காட்டாக அது இன்றும் சொல்லப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களும் இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஜாவா, பைத்தான், சி பிளஸ் பிளஸ் ஆகியவற்றுக்கிடையே நிரல்களைப் பெயர்க்கும் அமைப்பு ஒன்றை ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர். மனித மொழிபெயர்ப்பை அளக்கும் வழக்கமான அளவுகோல், அதாவது மாதிரிப் பெயர்ப்போடு எத்தனை சொற்கள் ஒத்துப்போகின்றன என்பது, நிரலுக்கு உதவாது என்று அவர்கள் கண்டார்கள். ஒரு குறி மாறினாலும் விடை மாறிவிடும் அல்லவா? ஆகவே, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள். இன்றுவரை அதைவிட நம்பகமான அளவுகோல் நடைமுறையில் இல்லை. எந்த உள்ளீடுகளை வைத்துச் சோதிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தத் தொழிலை அறிந்த மனிதர் வேண்டும்.

நமக்கு என்ன?

இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கத்திலேயே நிரல் பெயர்ப்பு இருக்கிறது. 1970-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்துக்காக, ஒரு மருத்துவமனை மென்பொருளை அந்நிறுவனத்தின் ஒரு வகைக் கணினிக்கான கோபோலிலிருந்து மற்றொரு வகைக் கணினிக்கான கோபோலுக்கு மாற்றித் தந்தது டி.சி.எஸ். பிறகு 1990-களின் இறுதியில், ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியதால் வந்த 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க, உலகின் கோபோல் நிரல்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து குவிந்தன. தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் எழுந்த கட்டடங்களின் அடித்தளத்தில் அந்த உழைப்பும் இருக்கிறது. என்னைப் போன்ற பல்லாயிரம் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் வீடு கட்டியதும் அதனால்தான்.

வரிக்கு வரி மாற்றும் அந்த உழைப்பைத்தான் எந்திரம் இன்று எடுத்துக்கொள்கிறது. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால், ஆட்குறைப்புக்கான கணக்கைப் போடும் நிறுவனங்கள், பெயர்ப்பவர்களோடு சேர்த்துச் சரிபார்ப்பவர்களையும் கழித்துவிடக் கூடாது. நம் பொறியியல் கல்லூரிகளும் ஒரு மொழியின் இலக்கணத்தைக் கற்பித்து நிறுத்திக்கொள்வது இனிப் பயன்படாது. அடுத்தவர் எழுதிய பழைய நிரலைப் படித்து, அதன் பின்னுள்ள விதியைக் கண்டறிந்து, அதைச் சோதிக்கும் வழிகளை வகுக்கும் பயிற்சியே இனி வேலை தரும்.

பயனாளராகவும் நமக்கு இதில் பங்கு உண்டு. ரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவு அமைப்பு, 2010-இல் நிறுவப்பட்ட இட்டானியம் வகைச் சர்வர்களிலும் ஓப்பன் வி.எம்.எஸ். இயங்குதளத்திலும் ஓடுகிறது என்றும், அது புதுப்பிக்கப்படுகிறது என்றும் ரயில்வே அமைச்சர் 2025-இல் தெரிவித்தார். இட்டானியம் சில்லுகளை இன்டெல் நிறுவனம் அனுப்புவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே மாற்றம் தவிர்க்க முடியாதது. நிமிடத்துக்கு 32,000 சீட்டுகள் என்ற திறன் 1.5 லட்சமாக உயரும் என்பது அறிவிப்பு. வரவேற்க வேண்டியதே. ஆனால், வேகம் மட்டுமே அளவுகோல் அல்ல. மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை தருவது, காத்திருப்போர் பட்டியல் நகரும் வரிசை, தட்கல், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு என எத்தனையோ விதிகள் அந்தப் பழைய நிரலில் உறைந்திருக்கும். அவை ஒன்று குறையாமல் புதியதற்கு வந்து சேர்ந்தனவா என்பதை யார் உறுதிசெய்வார், எப்படி உறுதிசெய்வார் என்பதும் அறிவிப்பின் பகுதியாக இருக்க வேண்டும்.

நான்கு நிபந்தனைகள்

பொதுமக்களின் பணத்தையும் உரிமையையும் தீர்மானிக்கும் எந்த மென்பொருளைப் பெயர்க்கும்போதும் நான்கு நிபந்தனைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலாவது, நிரலைத் தொடுவதற்கு முன் அதிலுள்ள விதிகளை மனிதர் படிக்கும் மொழியில் எழுதி, துறை அறிந்தவர்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பழைய நிரலை விளக்கிச் சொல்லும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நன்றாகவே செய்கின்றன. அவற்றை முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். காரணம் புலப்படாத வரி என்று ஒன்று வந்தால், அதை நீக்குவதற்கு முன் ஓய்வுபெற்ற ஊழியரைத் தேடிப்பிடித்தாவது கேட்க வேண்டும்.

இரண்டாவது, பழையதும் புதியதும் குறைந்தது ஓர் ஆண்டுச் சுழற்சி முழுவதும் அருகருகே ஓட வேண்டும். நிதியாண்டு முடிவு, விழாக்கால நெரிசல் போன்றவை ஒரு மாதச் சோதனையில் தலைகாட்டாமல் போகக்கூடும். நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29-ஐப் போன்றவற்றுக்குத் தனியே ஒத்திகை வேண்டும். மூன்றாவது, இரண்டின் விடைகளிலும் வந்த வேறுபாடுகள் எத்தனை, அவை எப்படித் தீர்க்கப்பட்டன என்பதை வெளித்தணிக்கைக்கு உட்படுத்தி, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். நான்காவது, மாற்றத்தால் ஒருவர் பாதிக்கப்பட்டால் முறையிடவும் இழப்பீடு பெறவும் வழி இருக்க வேண்டும். 'கணினியில் அப்படித்தான் வருகிறது' என்ற விடை ஏற்கப்படக் கூடாது.

இந்த நான்கும் செலவு பிடிப்பவை. பெயர்ப்புக் கருவி மிச்சப்படுத்தித் தரும் பணத்தின் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினாலே போதும். அந்த மிச்சம் முழுவதையும் ஆதாயமாக எழுதிக்கொள்ளும் ஆசைதான் சிக்கலின் வேர்.

அந்தப் பழைய படிவத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் செய்தது தவறான முடிவு. ஆனால், கீழே என் பெயர் இருந்தது. அதனால்தான், தவறு தெரிந்ததும் என்னை அழைத்து ஏன் என்று கேட்க முடிந்தது. என்னால் தலைகுனிந்து திருத்த முடிந்தது. எந்திரம் என்னைவிட வேகமாகவும், பல இடங்களில் என்னைவிடத் துல்லியமாகவும் பெயர்க்கும். அந்தப் படிவத்தில் அது கையெழுத்திட முடியாது. யாரோ ஒருவர் இட்டாக வேண்டும். பல லட்சம் பேரின் ஓய்வூதியத்தையோ படுக்கை இடத்தையோ தீர்மானிக்கும் நிரல் மாற்றப்படும்போது, அந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்பதற்கு நமக்கு நிரல்மொழி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.